தோளுக்குச் செய்யும் நீதி

பெருமுக்கல் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் தோளை நம்பி வாழும் மக்களே மிகுதி. நாற்றுக்கட்டு சுமப்போருக்கும், கல் உடைப்போருக்கும், கிழக்கே மரக்காணம் உப்பளங்களில் உப்பை வாரிக் குவிப்போருக்கும் கையே முதல். அக்கை மேலெழ மறுக்கும் நாளில் கூலியும் நின்றுவிடுகிறது.

இல்லங்களைச் சந்திக்கச் செல்லுகையில் இருவகையினரை நாம் காண்கிறோம். ஒரு சாரார், வேலை செய்தால் வலி தானே போய்விடும் என்று மூட்டை தூக்குவர். மறு சாரார், கையைத் துணியால் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் அசையாதிருப்பர். இவ்விரண்டுமே தோளுக்கு இழைக்கும் அநீதி.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமற்றதொரு குழியில் அமர்ந்துள்ளது. அதை நழுவாமல் காப்பதில் நான்கு தசைகளுக்கும், அவற்றை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கும் பெரும்பங்கு உண்டு. தசைநாண் கயிறு போன்றது. ஆனால் உயிருள்ள கயிறு. மிகையான சுமையாலும் வயதாலும் அதன் இழைகள் நலிகின்றன. அப்போது கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் பாதி வழியில் வலிக்கும். அப்பக்கமாகப் படுத்தால் உறக்கம் கெடும். தலை வாருவதும் துன்பமாகும்.

உயிருள்ளதாகையால், அளவான உழைப்பைப் பெற்று அது மீண்டும் வலுவடைகிறது. இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, இவ்வுண்மையின் மேல்தான் நிற்கிறது. முதலில், தலைக்கு மேல் கையைத் தூக்கும் வேலைகளைக் குறைக்கவேண்டும். மறுகையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்று வாளிபோல் தொங்கவிட்டு மெல்ல ஆட்டலாம். அடுத்து, முழங்கையை மடித்துச் சுவரை அழுத்துவது; பின்னர் ரப்பர் பட்டையை இழுப்பது; இறுதியில் சிறு எடை தூக்குவது. பயிற்சியின்போது சிறிது வலித்தால் அஞ்சவேண்டியதில்லை. மறுநாளும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறைக்கவேண்டும். பலன் காண மூன்று மாதமேனும் பொறுத்தல் வேண்டும்.

ஊசி மருந்து சில வாரங்கள் ஆறுதல் தரலாம். பயிற்சியின் இடத்தை அது நிரப்பாது. எலும்பைச் சீவித் தோளில் இடமுண்டாக்கும் அறுவையைப் பற்றிப் பிரித்தானியாவில் 32 மருத்துவமனைகளில் 313 பேரிடம் நடந்த ஆய்வு, 2018 இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. எலும்பைச் சீவாது, கருவியை உட்செலுத்திப் பார்த்ததோடு நிறுத்தியவர்களைவிட, சீவப்பட்டவர்கள் மிகுதியாக நலம் பெறவில்லை என்று அது காட்டியது.

ஆயினும், விழுந்தபின் கையைத் தூக்க இயலாவிடினும், காய்ச்சலோடு தோள் வீங்கினும், கை மரத்துப்போயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இடத்தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் கண்டால் அது இதயத்தின் அழைப்பாயிருக்கலாம்; ஒரு நிமிடமும் தாமதித்தலாகாது. நீரிழிவுள்ளோருக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். அவர்கள் முன்னதாகவே மருத்துவரைக் காண்பது நன்று.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சையை இல்லத்திலேயே அளிக்கும் ஏற்பாடும் இடம்பெற்றது. நடமாட இயலாதோருக்கு அது பெரும் பேறு.

ஆனால், நாள்தோறும் குடம் சுமக்கும் தாய்க்குப் பயிற்சியை மட்டும் கற்பித்து, குடத்தை அவள் தோளிலேயே விட்டுவைத்தால் என்ன பயன்? அம்மூன்று மாதமும் அக்குடத்தை மகனோ கணவனோ தூக்கட்டும். வீட்டார் செய்யும் அவ்வுதவியும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.