மேலேயிருந்து பார்த்தால்

செயற்கைக்கோளுக்குச் சாதி தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். அதனால் படத்தில் குளம் கறுப்பாக விழும். செடிகொடி அதே ஒளியைத் திருப்பியடிக்கும்; அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

1972-இல் அமெரிக்கா முதல் லேண்ட்சாட்டை ஏவியது. 1988-இல் நம்முடைய ஐ.ஆர்.எஸ்.-1ஏ போனது. லேண்ட்சாட் படங்கள் 2008-இல் இலவசமானதால்தான் ஆயக்குடிச் சேரியில் பிறந்த நானும் எங்க ஊர்க் குளத்தை வருசவாரியாக விரித்துப் பார்க்க முடிந்தது. கறுப்பு சுருங்கிக்கொண்டே போச்சு. சிவப்பு ஏறியிருந்தது. குளத்துக்குள் சீமைக்கருவேலம், வெளியே கொய்யாத் தோப்பு.

மழை இல்லை என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் உண்டு. நல்ல மழை வருசத்திலும் குளம் நிறையலைன்னா வரத்து வாய்க்காலைத்தான் கேட்கணும். அது நாலைந்து மீட்டர் அகலம். லேண்ட்சாட்டின் ஒரு புள்ளியோ 30 மீட்டர். வாய்க்கால் அதுக்குள்ளேயே காணாமல் போயிடும்.

எங்க அய்யா நீர்க்கட்டி. மடை திறக்கிறது, வயலுக்கு வயல் தண்ணி பாய்ச்சுறது. தென்மாவட்டங்களில் இது பெரும்பாலும் நம்ம சனங்கள் பார்த்த வேலை. களத்து நெல்தான் கூலி. ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. குடிமராமத்து என்று இன்றைக்கு உருகுகிறார்கள். 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டல்லவா கரையடைக்க ஆள் பிடித்தார்கள்? யாரைப் பிடித்திருப்பார்கள்? கிணறும் பம்புசெட்டும் வந்ததும் நிலக்காரருக்குக் குளம் வேண்டாததாச்சு. அய்யா வேலையும் போச்சு.

படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கறுப்பு தண்ணியா கண்ணு? அப்ப இந்த மூலையில வாய்க்கா வருமே, எங்க?" விரல் வைத்த இடம் முழுக்கச் சிவப்பு. மறுநாள் அவர் சொன்ன வழியில் நடந்தேன். கம்பிவேலி. உள்ளே வரிசையாகக் கொய்யா.

2007-ஆம் வருச ஏரி பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் காட்டி மனு எழுத உட்கார்ந்தோம். தெருப்பெண்கள்தான் தடுத்தார்கள். "கரையோரக் குடிசையும் இந்தப் படத்துல தெரியுமில்ல? மொதல்ல எங்களத்தான தூக்குவான்?"

நியாயம்தான். படத்தைத் தனியாகக் கொடுப்பதில்லை என்று முடிவாச்சு. அய்யா நினைவிலிருந்து வாய்க்கால் வழியைச் சொல்லச் சொல்ல, நான் காகிதத்தில் வரைந்தேன். குடிசைகளுக்கு மாற்று மனை கேட்டு முதல் பத்தி எழுதினோம்; வாய்க்கால் இரண்டாவது பத்தி. அய்யா கைநாட்டு வைத்தார். அதுக்குக் கீழே பெண்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.