சுருட்டும் குளிரும்

நுவரெலியாவில் ஆசிரியப் பணியேற்ற முதல் மார்கழியில், மாலையானதும் சாளரங்களை அடைத்து, கரிச்சட்டியில் நெருப்பிட்டு, கம்பளியைப் போர்த்தபடி யாழ்ப்பாணத்துச் சுருட்டொன்றைப் பற்றவைப்பேன். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள அந்த ஊரின் குளிருக்குச் சுருட்டே மருந்தென்று எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணத்தைக் கலைத்தவள் என் சிறு மகள். ஒருநாள் என் கையைத் தொட்டு, “அப்பா, சுருட்டுக் குடிச்சும் உங்கட கை குளிருதே!” என்றாள், சொல்லி முடிக்குமுன் இருமினாள். அவள் சொன்னது உண்மை. நிக்கொட்டின் தோலின் குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. விரல்களுக்குச் செல்லும் குருதி குறைய, அவை குளிர்கின்றன. சூடேறியதாக உள்ளமே நம்புகிறது. அடைத்த அறையிலோ புகையோடு கரிநெருப்பின் காபனோரொட்சைட்டும் தங்கிவிடுகிறது.

அன்றே கரிச்சட்டியை வெளியேற்றினேன்; சுருட்டோடு முற்றத்துக்குப் போனேன். அங்கு நின்றபோதுதான் எதிர்மலையின் லயங்கள் கண்ணிற் பட்டன. ஒடுங்கிய காம்பறா, அதனை ஒட்டியே விறகடுப்பு, அருகே குழந்தைகள். கதவைத் திறந்தாற் குளிர், அடைத்தாற் புகை. என் வீட்டுப் புகை நானே விரும்பிச் சேர்த்தது. அவர்கள் வீட்டுப் புகையை விரும்பியவர் யார்?

1867 இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைத் தொழிலைத் தோளில் தாங்கி, உலகத்தார் குளிருக்குச் சூடான பானம் அளித்த பரம்பரை அது. 1948 இன் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை மீண்ட பின்னரும் லயங்கள் பல நிற்கின்றன.

சுருட்டை விட எனக்கு என் மனம் ஒன்றே போதுமாயிருந்தது. புகைபோக்கியுள்ள ஒரு வீடு அவர்களுக்குக் கிடைக்க, நம் எல்லோர் மனமும் வேண்டும்.