நம் கடைக்கு வரும் காய் எங்கிருந்து வருகிறது?



பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடற்காற்று படும் தொலைவில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே 36 குடும்பங்கள் பங்குத்தொகை போட்டு ஒரு மளிகைக் கடையை நடத்தி வருகிறோம். வட்டி கலக்காத முதல், கலப்படம் இல்லாத பொருள், சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் நேரடிக் கொள்முதல் ஆகிய மூன்று நிபந்தனைகளோடு தொடங்கப்பட்ட கடை அது. அல்ஹம்துலில்லாஹ், ஊரார் மனமுவந்து ஆதரவு தந்தார்கள். ‘நம் கடை’ என்று பெருமையோடு சொல்லிக்கொண்டோம். அந்தப் பெருமையில் ஒரு பகுதி எங்களுக்கு உரியதல்ல என்பதைச் சென்ற தை மாதத்தில் ஒரே நாளில் அறிந்துகொண்டோம். அதை மறைக்காமல் எழுதுவதே நியாயம் என்று கருதி இதை எழுதுகிறோம்.

வாரந்தோறும் கத்தரிக்காய் அனுப்பிவந்த ஒரு பெண்மணி திடீரென நிறுத்திவிட்டார். தொலைபேசியில் கேட்டபோது, “இந்த வாரம் இல்ல பாய்” என்றார். அடுத்த வாரமும் அதே பதில். வேறு யாருக்கோ கூடுதல் விலைக்குக் கொடுக்கிறார் என்று ஒருவர் சொன்னார். நம்பி வளர்த்துவிட்டோம், இப்போது கைவிடுகிறார் என்றார் இன்னொருவர். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து லாரியில் வரும் காயையே வாங்கிவிடலாம், நேரத்துக்கு வரும், விலையும் குறைவு என்ற யோசனையும் எழுந்தது. அப்போது எங்களில் மூத்தவர் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை நினைவூட்டினார். வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறதல்லவா? கடை தொடங்கிய காலம் முதல் எந்த வயலையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் ஆண்கள் நால்வரும் பெண்கள் இருவரும், உடன் வருவேன் என்று அடம்பிடித்த பிள்ளைகள் மூவருமாகப் புறப்பட்டோம்.

முதலில் சென்றது ஒரு தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்த வட்டாரம் இழந்த தென்னைகளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்தத் தோப்பின் பெரியவர் தொண்ணூறு மரங்களில் பதினொன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அன்று இழந்தவர். விழுந்த மரங்களை அறுத்து அகற்றவே மாதக்கணக்கில் ஆயிற்றாம். அகற்றிய இடத்தில் உடனே கன்று வைத்தாராம்.

“நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே ஐயா, அப்பவே உங்களுக்கு எழுபது வயசு இருக்குமே” என்று எங்களில் ஒருவர் கேட்டுவிட்டார்.

“நான் திங்கவா வச்சேன் தம்பி? எங்கப்பன் வச்சத நான் தின்னேன்” என்றார் பெரியவர்.

கையில் ஒரு கன்று இருக்கையில் மறுமை நாளே வந்துவிட்டாலும், முடியுமாயின் அதை நட்டுவிடட்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதைச் செய்து காட்டிய ஒருவரை அன்றுதான் சந்தித்தோம். புறப்படும்போது அவர் சிரித்துக்கொண்டே, “வியாபாரிங்க லாபக்காய்னு கணக்குல சேராம எடுப்பாங்க. நீங்க அத எடுக்கிறதில்ல. அதனாலதான் உங்களுக்குக் கொடுக்கிறேன்” என்றார். அந்தச் சொல்லைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டோம். எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அடுத்து, கத்தரிக்காய் அனுப்புவதை நிறுத்திய பெண்மணியின் தோட்டம். நிலம் முப்பது சென்ட்டுதான். கைகளில் முள் கீறிய தடங்களோடு அவர் காய் பறித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டு பாய் எடுத்து வந்து விரித்தார், மோர் கொடுத்தார். கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுதான் பெரும் பகை என்றும், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தும் புழு விழுந்த நுனிகளைக் கிள்ளி அழித்தும் சமாளிப்பதாகவும் பிள்ளைகளுக்குக் காட்டினார். இயற்கை வேளாண்மைக்காகவே வாழ்ந்து, இதே வட்டாரத்து அத்திவெட்டியில் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்த கோ. நம்மாழ்வாரின் பேச்சை நேரில் கேட்டவராம். துளை விழுந்த காய்களைத் தனிக்கூடையில் போட்டுக்கொண்டே வந்தார். “இதெல்லாம் மாட்டுக்கு. கடைக்கு நல்லதத்தான் அனுப்புவேன்” என்றார்.

எங்களுடன் வந்த சகோதரி மெதுவாகக் கேட்டார்: “ஏன் அக்கா நிறுத்திட்டீங்க?”

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: “குத்தம் சொல்றேன்னு நெனைக்காத தங்கச்சி. மண்டியில பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு எடுப்பாங்க. உங்க கடையிலயும் அதேதான் எடுக்கிறாங்க. மண்டியிலயாவது அன்னைக்கே காசு கையில கெடைக்குது. உங்ககிட்ட மூணு வாரம் ஆகுது. நான் ஒத்தப் பொம்பள. எனக்குக் கட்டுப்படி ஆகல.”

எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. கழிவு எடுப்பது எங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. கொள்முதல் செய்த பின் சில காய்கள் வாடும், அழுகும், அதை ஈடுகட்டவே என்று தொடக்கத்தில் பேசி முடிவு செய்திருந்தோம். ‘எல்லாரும் செய்வதுதானே’ என்பதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் யோசித்ததில்லை. தேங்காய்க்கு லாபக்காய் வாங்காததில் பெருமைப்பட்ட நாங்கள், கத்தரிக்காயில் அதையே வேறு பெயரில் வாங்கியிருக்கிறோம். அழுகலையும் சொத்தையையும் அவரே கழித்துவிட்டுத்தான் அனுப்புகிறார். கழித்ததன் மீது மீண்டும் ஒரு கழிவு! வாரம் 60 கிலோவில் 6 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 180 ரூபாய். இருபது வாரப் பருவத்துக்கு 3,600 ரூபாய். முப்பது சென்ட் நிலத்தை வைத்துப் பிழைக்கும் ஒருவரிடமிருந்து அதை எடுத்திருக்கிறோம்.

மூன்றாவதாகச் சென்றது, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் உள்ள ஒரு வயல். நம் வீடுகளில் பிரியாணிக்கு வாங்கும் சீரகச்சம்பாவை விளைவிப்பவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்திருந்தது. ஆற்றுநீர் தாமதமாக வந்ததால் பாதிப் பருவம் இன்ஜின் வைத்து இறைத்ததாகச் சொன்னார். மூட்டை பிடிக்கத் தொடங்குமுன் ஒரு பங்கை அளந்து ஓரமாக ஒதுக்கினார். அது உஷ்ரு. மழையாலோ ஊற்றாலோ தானாக விளைந்தால் பத்தில் ஒரு பங்கு, நீர் இறைத்துப் பாடுபட்டு விளைவித்தால் இருபதில் ஒரு பங்கு என்பது மார்க்கத்தின் அளவு. இரண்டு வகை நீரும் பாய்ந்த விளைச்சலுக்கு என்ன கணக்கு என்று ஆலிம் ஒருவரிடம் கேட்டு வந்து அதன்படி அளந்ததாகச் சொன்னார்.

பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்: “இறைச்சா ஏன் மாமா கொறச்சுக் கொடுக்கணும்?”

“நாம படுற கஷ்டத்த அல்லாஹ் கணக்குல எடுத்துக்கிறான்ல?” என்றார் அவர்.

அந்தப் பதில் எங்களை விட்டு நீங்கவில்லை. ஏழையின் பங்கை நிர்ணயிக்கும்போதுகூட உழவனின் உழைப்பை எடைபோட்டு, அதற்காகப் பாதியைத் தள்ளுபடி செய்கிறது மார்க்கம். நாங்களோ கிணற்றில் இறைத்துக் கத்தரி வளர்த்தவரிடம் பத்தில் ஒன்றை எடுத்திருக்கிறோம். உஷ்ரு அல்லாஹ்வின் பெயரால் ஏழைக்குப் போகிறது. எங்கள் கழிவு யாருடைய பெயரால் யாரிடம் போயிற்று? அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்குக் கேடு உண்டென்று தொடங்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை வேறு யாரோ வியாபாரிகளுக்கானது என்றே இதுவரை ஓதிவந்தோம்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் கூடினோம். விவாதம் எளிதாக முடியவில்லை. கணக்குப் பார்க்கும் சகோதரர், கழிவை விட்டுவிட்டால் கடை நட்டத்தில் விழும் என்றார். அவர் சொன்னதும் பொய்யல்ல, வாடும் காய் உண்மையிலேயே உண்டு. எங்களில் மூத்தவர் ஒன்றைக் கேட்டார்: “எடைபோட்டு வாங்கின பிறகு பொருள் யாருடையது? லாபம் வந்தால் நமக்கு, வாடினால் அவருக்கா?” அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

முடிவுகள் இவை. இனிக் கழிவு இல்லை. நிற்கும் எடைக்குப் பணம், அதுவும் அன்றே. கோணல் காய், சிறு காய் ஆகியவை தனிக்கூடையில், அவற்றின் தன்மையைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கப்படும். இதுவரை எடுத்த கழிவைப் பழைய நோட்டுகளைப் பார்த்துக் கணக்கிட்டு உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும். மன்னிப்புக் கேட்டு ஹலாலாக்கிக் கொண்டால் போதாதா என்று ஒருவர் வினவினார். முதலில் பணத்தைக் கையில் கொடுப்போம், பிறகு மன்னிப்புக் கேட்போம், பணம் கொடுக்காமல் கேட்டால் அவர்கள் வெட்கப்பட்டே ‘சரி’ என்று சொல்லிவிடுவார்கள் என்றார் வயலுக்கு வந்திருந்த சகோதரி. அதுவே முடிவாயிற்று. கடையின் இரண்டு மாத லாபம் அதற்கே சரியாகிவிட்டது. பங்குதாரர்கள் சிலருக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

ஒன்பது விவசாயிகளில் எட்டுப் பேருக்குக் கொடுத்துவிட்டோம். ஒருவர் நிலத்தை விற்றுவிட்டு வேலை தேடி வெளியூர் போய்விட்டார். அவர் பெயர் எழுதிய உறை கடைப்பெட்டியில் இன்னும் இருக்கிறது. அவர் நிலத்தை விற்றதற்கு எங்கள் மூன்று வாரத் தாமதமும் ஒரு காரணமாக இருந்திருக்குமோ என்ற கேள்வியும் அந்த உறையோடு இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறோம். நாளை மறுமையில் அவர் எங்களைத் தேடி வருவதற்கு முன் நாங்கள் அவரைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

கத்தரிக்காய் அனுப்பும் அக்கா உறையை வாங்கி, இரண்டு முறை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டார். எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மூட்டை வந்தது. எடைபோட்டால் 62 கிலோ. சீட்டில் 60 என்று எழுதியிருந்தது. தொலைபேசியில் அழைத்து, இரண்டு கிலோவுக்கும் சேர்த்துப் பணம் அனுப்புகிறோம் என்றோம்.

“அதுக்குக் காசு வேணாம் பாய். நீங்க எடுத்தா அது கழிவு. நானாக் கொடுத்தா அது கொசுறு” என்றார்.

ஒருவருக்கொருவர் மனம் ஒப்பிச் செய்யும் வணிகமே ஆகுமானது என்று அந்நிஸா அத்தியாயத்தில் படித்திருக்கிறோம். அதன் பொருளை முப்பது சென்ட் நிலத்துக்காரர் ஒருவர் ஒரே வரியில் எங்களுக்கு விளக்கிவிட்டார்.

உங்கள் ஊரிலும் இப்படியொரு கடை இருக்கலாம், அல்லது வாசலுக்கு வந்து கீரை விற்கும் ஒருவர் இருக்கலாம். ஒருமுறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வயலுக்குப் போய் வாருங்கள். அங்கே நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். நம் தராசை நேராக்கி, நம் உணவில் பரக்கத்தை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.