வண்டி யார் ஓட்டுவது?

யெல்லோஸ்டோனுக்குப் புறப்படுகிறவர்கள் எத்தனை நாள் தங்கலாம் என்று கேட்பார்கள். வண்டி யார் ஓட்டுவது என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். பூங்காவுக்குள் பொதுப் பேருந்து கிடையாது. காசு கட்டி ஏறும் சுற்றுலா வண்டிகள் உண்டு. ஆனால் நாம் நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்த நேரத்தில் ஏற முடியாது. 8 என்ற எண்போல வளையும் பெருவட்டச் சாலையே ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஹேடன் பள்ளத்தாக்கில் காட்டெருமைகள் சாலைக்கு வந்துவிட்டால், அவை நகரும்வரை எல்லா வண்டிகளும் நிற்க வேண்டியதுதான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அக்கா மகன்தான் ஓட்டினான். மிட்வே வெந்நீர்ப் படுகையில் நிறுத்த இடமே இல்லை. எங்களை இறக்கிவிட்டு, இடம் தேடி அவன் சுற்றிக்கொண்டிருந்தான். ஆரஞ்சும் மஞ்சளும் நீலமுமாக ஆவி பறக்கும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றை நாங்கள் நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அவன் பார்க்கவே இல்லை. எங்களுக்கு ஆற்றையும் மானையும் காட்டிய பயணம் அவனுக்கு முன்னால் போன காரின் பின்புறத்தைத்தான் காட்டியது. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் மறுநாள் காரை ஓல்ட் ஃபெய்த்ஃபுல் அருகில் காலையிலேயே நிறுத்திவிட்டு, மாலைவரை சாவியைத் தொடவில்லை. சுமார் ஒன்றரை மணிக்கு ஒருமுறை பீறிடும் அந்த ஊற்றைப் பார்த்ததுமே பலரும் கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து மார்னிங் குளோரி குளம்வரை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், சமதளப் பாதை. வழியில் காஸில் ஊற்று, ஃபயர்ஹோல் ஆற்றங்கரையில் ரிவர்சைடு ஊற்று. அது ஆற்றின்மேல் வளைந்து பீறிட்டபோது, முந்தின நாள் எதையும் பார்க்காதவன் எங்களையெல்லாம் முந்திக்கொண்டு ஓடினான். இந்தப் பூங்காவில் ஒரு நாள்தான் இருக்கிறதென்றால், முழு வட்டத்தையும் சுற்றாதீர்கள். இந்த ஒரு படுகையில் நடங்கள்.

சொந்த வண்டி என்பது இங்கே ஆதியிலிருந்து வந்த வழக்கமல்ல. பூங்கா பிறந்தது 1872இல். தனியார் கார்களை அனுமதித்தது 1915இல்தான். வடவாசலில் கார்டினர் ஊரில் நிற்கும் கல் வளைவுக்கு 1903இல் தியோடர் ரூஸ்வெல்ட் அடிக்கல் வைத்தார். ரயிலில் வந்து இறங்கியவர்கள் குதிரை வண்டி ஏறி அதன் வழியாக உள்ளே போனார்கள். கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகியிருக்காது. ஆனாலும் வண்டியோட்டத் தெரியாத ஒருவர் பூங்கா முழுவதையும் சுற்றிவர ஏற்பாடு இருந்தது. இன்று அந்த ரயில் இல்லை.

ஸயன் பூங்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து பேருந்து ஓடுகிறது. அது குறுகிய பள்ளத்தாக்கு, யெல்லோஸ்டோன் பரந்தது என்பது நியாயமான வாதம்தான். முழு வட்டத்துக்கும் வேண்டாம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லிலிருந்து மேடிசன் சந்திப்புவரை 26 கிலோமீட்டர். மிட்வே அந்த வழியில்தான் இருக்கிறது. கோடை மாதங்களிலாவது அங்கே பேருந்து விடலாம்.