வெர்னாட்சாவில் ஒரு தேய்மானக் கணக்கு

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு மிலான் வந்ததிலிருந்து "இத்தாலியில் என்னடா பார்த்தே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இதோ.

போன வாரம் வெர்னாட்சா போனேன். சிங்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து கடலோர ஊர்களில் ஒன்று. லா ஸ்பெட்சியாவிலிருந்து லோக்கல் ரயில். மஞ்சள், ரோஸ் கலர் வீடுகள், குட்டித் துறைமுகம், தண்ணீரை ஒட்டியே ஒரு தேவாலயம். நூறு போட்டோவாவது எடுத்திருப்பேன்.

அப்புறம் மொன்தெரோஸ்ஸோ போகும் மலைப்பாதையில் ஏறினோம். வழியில் ஒரு பெரியவர் சிமென்ட் இல்லாமல் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். சரிவில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். மண்ணைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கல்சுவர்கள்தான். கூட வந்த இத்தாலிய வகுப்புத்தோழி அவரிடம் பேச்சுக் கொடுத்து எனக்குச் சொன்னாள்.

2011 அக்டோபர் 25 அன்று பேய்மழை. சேறும் கல்லும் இறங்கி ஊரின் பெரிய தெருவையே மூடிவிட்டன. மூன்று பேர் இறந்தார்கள். மழைதான் முதல் காரணம். ஆனால் பார்க்க ஆளில்லாமல் விட்ட சுவர்களும் சேர்ந்து சரிந்தன. ஏன் ஆளில்லை? வெளியூர் வேலைக்குப் போனவர்கள் பாதி. மீதிப்பேருக்குத் தோட்டத்தைவிட அறை வாடகையில் காசு அதிகம்.

அதாவது, என்னை மாதிரி ஆட்கள் கொடுக்கும் காசு. சுருக்கென்றது. தேய்மானத்துக்கு ஒதுக்காமல் லாபம் காட்டக் கூடாது என்று முதல் வருஷமே படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அங்கேதான் புரிந்தது.

ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார் :-) இரண்டாவதை வைத்துக்கொண்டார்.

நீங்கள் போனால் துறைமுகத்தோடு திரும்பிவிடாதீர்கள். மேலே ஏறிப் பாருங்கள்.