ஃபேன் கத்துதுன்னா கார்டு செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல

பிசியை ஆன் பண்றீங்க. கிராபிக்ஸ் கார்டோட ஃபேன் எல்லாம் மிக்ஸி மாதிரி கத்துது. மானிட்டர்ல மட்டும் ‘நோ சிக்னல்’. யார்கிட்ட காட்டினாலும் முதல்ல வர்ற பதில், “சிப் போச்சு”. அந்தப் பதிலை நம்புறதுக்கு முன்னாடி, அந்த ஃபேன் ஏன் கத்துதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

இப்போ வர்ற பெரும்பாலான கார்டுகள்ல இருப்பது நாலு வயர் ஃபேன். ரெண்டு வயர் பவருக்கு. மூணாவது, ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுத்துதுன்னு திருப்பிச் சொல்லும். நாலாவதுதான் பிடபிள்யூஎம், அதாவது ‘இவ்வளவு வேகத்தில் ஓடு’ என்ற கட்டளை வரும் வயர். அந்தக் கட்டளை வரவில்லை என்றால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். வேணும்னே அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. சிப் சூடேறிக் கருகுவதற்கு சத்தம் எவ்வளவோ மேல். நல்லா இருக்கிற பல கார்டுகளும் ஆன் பண்ணின உடனே ஒரு நொடி இரைஞ்சுட்டு அடங்குவதைக் கவனிச்சிருப்பீங்க. அந்த ஒரு நொடியில்தான் கார்டில் இருக்கும் வீபயாஸ் விழிச்சு பொறுப்பை எடுத்துக்குது.

ஆக, ஓயாத இரைச்சல் ரெண்டு விஷயம்தான் சொல்லுது: ஃபேனுக்குப் பவர் வருது, பொறுப்பை இன்னும் யாரும் எடுத்துக்கல. அதுக்கு மேல அது எதுவும் சொல்லல.

இது எங்க வீட்டில் நடந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் மூணு பேர் வாடகைக்கு இருக்கோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் யூனிட்டியில் செய்த ஒரு 3டி சிமுலேஷன். அதுக்கு ஒரு கார்டு வேணும். என் ரூம்மேட்டோட பெரியப்பா பையன் செம்பாக்கத்தில் இருக்கார். வீட்டிலேயே கிரிப்டோ மைனிங் பண்ணினவர். 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு எத்தீரியம் ‘ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்’ முறைக்கு மாறினதும் அதுக்கு கிராபிக்ஸ் கார்டே தேவையில்லாமப் போச்சு. உலகம் முழுக்க மைனிங் கார்டுகள் பழைய மார்க்கெட்டுக்கு வந்தன. அண்ணனோட கார்டு பரண் மேல ஏறிடுச்சு. அதில் ஒரு 8 ஜிபி கார்டை 6,000 ரூபாய்க்குக் கொடுத்தார். பணம் ரூம்மேட்டோட அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது.

மாட்டி ஆன் பண்ணினா இரைச்சல் மட்டும். ரிவ்யூவுக்கு 12 நாள் இருந்தது. தாம்பரம் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனோம். ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாத்துட்டு, “சிப் போச்சு தம்பி. ரீபால் பண்ணணும். 3,500 ஆகும், கேரண்டி கிடையாது” என்றார்கள். வெளியே வந்ததும் ரூம்மேட் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணன் தெரிஞ்சேதான் தள்ளிவிட்டுட்டார்டா.” அதுக்கப்புறம் அவருக்கு அவன் போன் பண்ணவே இல்லை. அம்மாகிட்டயும் சொல்லல. சொன்னா பெரியப்பா வீட்டோட சண்டை வரும்.

சரி, ரீபாலுக்குக் காசு கொடுக்கும் முன்னாடி காசே ஆகாத சோதனையெல்லாம் முடிப்போம்னு உட்கார்ந்தோம். இதே வரிசை உங்களுக்கும் உதவும்.

முதலில் பவர். மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. கேபிள் மாட்டாமலோ பாதி நுழைஞ்சோ இருந்தா பல கார்டுகள் இதே மாதிரிதான் கத்தும். கார்டுக்கான பிளக் 6+2 என்று பிரியும், பிராசஸருக்கானது 4+4. ரெண்டும் 8 பின்தான், ஆனா பிளஸ் மைனஸ் இடம் மாறியிருக்கும். அழுத்தி நுழைக்காதீங்க. எங்க கேபிள் சரியா இருந்தது.

அடுத்தது கான்டாக்ட். பரண்ல கிடந்த கார்டு, நம்ம ஊர் ஈரக்காத்து. தங்கப் பின்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைச்சோம். மாற்றம் இல்லை. வேற பிசியில் மாட்டினோம். அங்கேயும் அதே கதை.

மூணாவதுதான் முக்கியமான சோதனை. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகி, செட்டிங்ஸில் ஆன்போர்டு கிராபிக்ஸை முதலாவதாக வெச்சு, லினக்ஸ் பென் டிரைவில் பூட் பண்ணி ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை கொடுத்தோம். லிஸ்டில் எங்க கார்டு பேரோட நின்னுது! முழுசா செத்த சிப் தன் பேரைச் சொல்லாது. அப்போ சந்தேகம் வீபயாஸ் பக்கம் போச்சு. மைனிங் பண்றவங்க மெமரியை வேகப்படுத்த அதை மாத்தி எழுதுவது வழக்கம்.

நடுவில் ஒருத்தன், “ஓவன்ல வெச்சு சுட்டா சரியாயிடும், யூடியூப்ல இருக்கு” என்றான். 2008 வாக்கில் சில லேப்டாப் சிப்களில் உள்ளிணைப்பு விரிசல் விடும் குறை பெரிசாப் பேசப்பட்டது. அந்த வருஷம் ஜூலையில் என்விடியா அதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவிச்சது. சூடு பண்ணினா அந்த மாதிரி இணைப்பு கொஞ்ச நாள் ஒட்டிக்கலாம், அவ்வளவுதான். பயாஸ் கோளாறுக்கு அது மருந்தே இல்லை. சோறு வைக்கிற ஓவனில் சர்க்யூட் போர்டு புகையும் வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்க்கு ஒரு சிஎச்341ஏ ப்ரோக்ராமரும் கிளிப்பும் வாங்கினோம். வாங்கினா ஒண்ணு பாத்துக்கங்க: கார்டில் இருக்கும் பயாஸ் சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று அதன் நம்பரைத் தேடி உறுதி பண்ணுங்க. 1.8 சிப்புக்குத் தனி அடாப்டர் வேணும். எங்களுடையது 3.3. ரெண்டு தடவை படிச்சு ஒப்பிட்டோம். ரெண்டும் ஒண்ணு, ஆனா பாதிக்கு மேல வெறும் எஃப்எஃப். அதாவது அங்கே எதுவுமே எழுதப்படலை.

அதைப் பாத்ததும் ரூம்மேட் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் போனை எடுத்தான். அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: “கொடுக்கறதுக்கு முன்னாடி உனக்காக ஒரிஜினல் பயாஸை ஏத்தினேன்டா. கடைசியில கரண்ட் போச்சு. ஏறிடுச்சுன்னு நெனச்சுட்டேன். பேக்கப் என் மெயில்ல இருக்கு, அனுப்பறேன் இரு.”

பத்து நிமிஷத்தில் ஃபைல் வந்தது. எழுதி, சரிபார்த்து, மாட்டி ஆன் பண்ணினோம். ஒரு நொடி இரைஞ்சுது. அப்புறம் அடங்கி, திரையில் வெளிச்சம். ரிவ்யூவுக்கு அஞ்சு நாள் மிச்சம் இருந்தது.

ஜூனியர்ஸ், எல்லா கார்டும் இப்படி எழுந்துக்கும்னு நான் சொல்லல. ஷார்ட் ஆன கார்டும் நிஜமாவே சிப் போன கார்டும் உண்டு. அதை ஃபேன் சத்தத்தை வெச்சு சொல்ல முடியாது. கடைக்காரர் “சிப் போச்சு” என்றால், “எல்எஸ்பிசிஐல வருதா அண்ணே?” என்று மட்டும் கேட்டுப் பாருங்க. பழைய கார்டு வாங்கினா, கொடுத்தவர் நம்பரை அழிச்சுடாதீங்க. ஒரிஜினல் பயாஸ் அவர்கிட்டதான் இருக்கும்.