மலையில்லாத ஊரில் மலை சைக்கிள்

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை தேடிப் பார்த்துவிட்டேன். மலை என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்தப் பக்கத்து எவரெஸ்ட், எர்ணாவூர் மேம்பாலம்தான். அப்புறம் எதற்கு இங்கே மவுன்டன் பைக் என்கிறீர்களா? எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கம் ஒரு நடை வாருங்கள். மலையை உடைத்து, ஜல்லியாக்கி, நடுநடுவே பள்ளம் விட்டுப் படுக்கப் போட்டிருப்பது தெரியும்!

இந்த ரக சைக்கிள் பிறந்ததே காயலான் கடைச் சரக்கில்தான். 1970-களில் கலிஃபோர்னியாவில் மாரின் கவுன்ட்டி இளைஞர்கள், தாத்தா காலத்து ஷ்வின் சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்து டமால்பைஸ் மலையிலிருந்து கீழே விட்டார்கள். ஒரு தடவை இறங்கினால் பின் பிரேக்கிலிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே 1976-ல் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. மறு வருஷம் ஜோ பிரீஸ் என்பவர், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல் குழாயில் இதற்கென்றே ஒரு ஃபிரேம் செய்தார். 1989-ல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ஷாக் அப்சார்பர் ஃபோர்க் வந்தது. முன்னால் ஷாக், பின்னால் வெறும் கம்பி... இதுதான் ஹார்ட்டெயில். 'கெட்டி வால்' என்று மொழிபெயர்த்தால் பல்லி ஞாபகம் வருவதால் விட்டுவிடலாம்.

நமக்கும் குழாய் புதுசில்லை. 1949-ல் முருகப்பா குழுமம் டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்து அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. குழாய்க்கென்றே 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. அதே 1955-ல் திருவொற்றியூர் பக்கம் என்ஃபீல்டு புல்லட். அதற்கும் முன்னால், 1946-ல், எம்.ஆர்.எஃப். இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து கொண்டிருந்தது. இரும்பும் ரப்பரும் தெரிந்த ஏரியா சார் இது!

எனக்குக் கிடைத்தது 26 இன்ச் சக்கரத்துக்கான பழைய ஸ்டீல் ஃபிரேம். ராயபுரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். பெயின்ட்டையோ ஸ்டிக்கரையோ அவர் பார்க்கவே இல்லை. ஒரு நூலை எடுத்தார். பின் சக்கரம் மாட்டுகிற இடத்தில் ஒரு முனையைக் கட்டி, முன்னால் ஹாண்டில்பார் குழாயைச் சுற்றி, மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்டினார். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேர். வலது பக்கம் நான்கு மில்லிமீட்டர் இடித்தது.

"கோணிகீதா அண்ணே?"

"இரும்பு சார். சொன்னா கேக்கும். இத்தே அலுமினியமா இருந்தா நான் கையே வெச்சிருக்க மாட்டேன்."

நெம்பிச் சரி செய்தார். அப்படியே பின் இடைவெளியையும் 130-லிருந்து 135 மில்லிமீட்டருக்கு விரித்தார், இப்போது கிடைக்கும் ஹப் உட்காருவதற்காக. அலுமினியத்தை இப்படி விரித்தால் அது விரிசலோடுதான் நிற்கும். ஆனால் ஸ்டீலிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. நல்ல குழாய் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கேட்டுக்கு வெல்டிங் வைக்கிற மாதிரி ஆர்க் வைத்தால் ஓட்டைதான். பித்தளை வைத்து, குறைந்த சூட்டில் பற்றவைக்கத் தெரிந்த கை வேண்டும்.

ஷாக் ஃபோர்க் வாங்கும்போது ஆசைக்கு அணை போடுங்கள். பழைய ஃபிரேம்களில் பல, ஷாக் இல்லாத குட்டை ஃபோர்க்குக்கு அளவெடுத்துச் செய்தவை. முன்பக்கம் 20 மில்லிமீட்டர் உயர்ந்தால் ஹாண்டில்பார் குழாய் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாயும். பெரிதாக ஒன்றை மாட்டினால் சைக்கிள், கன்டெய்னர் லாரி மாதிரிதான் திரும்பும்.

நிஜ வில்லன் பள்ளம் இல்லை, உப்புக் காற்று. துரு குழாய்க்கு உள்ளே இருந்து சாப்பிட ஆரம்பிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று சிரித்துக் கொண்டிருக்கும். அதனால் பூட்டுவதற்கு முன்பே ஃபிரேமுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் புரட்டி, வடியவிட்டுக் காய வைத்தோம். பெடல் அச்சு போகிற கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன துளை. சீட் தண்டு அலுமினியம் என்றால் கிரீஸ் பூசாமல் இறக்கவே கூடாது. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் கட்டிப் பிடித்துக் கொண்டால், அப்புறம் ரம்பம்தான் பிரிக்கும்.

ஞாயிறு விடிகாலை, 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் வாசலிலிருந்து கிளம்புங்கள். காசிமேட்டில் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் கலந்து ரோடு வழுக்கும். பிரேக்கை மெதுவாகப் பிடிக்கவும். அப்புறம் வலது கைப்பக்கம் கடல், கரையைக் காக்கக் கொட்டிய பாறாங்கற்கள். டயரில் 35 பவுண்டு காற்று போதும். அதற்கு மேல் அடித்தால் ஷாக் செய்ய வேண்டிய வேலையை உங்கள் முதுகெலும்பு செய்யும்.

விளையாட்டை விட்டு ஒரு வார்த்தை. வரிசையில் நிற்கும் ட்ரெய்லரின் இடது பக்கச் சந்தில் நுழையவே நுழையாதீர்கள். டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் நீங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக் கொண்டு வரும். குரோம்-மாலியும் காப்பாற்றாது, கும்பிட்ட சாமியும் காப்பாற்றாது. பின்னாலேயே நில்லுங்கள். தூசியைத் தின்றாலும் பரவாயில்லை.

திருவொற்றியூர், எர்ணாவூர் தாண்டினால் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இங்கேதான் வந்து படிந்தது. படகும் வலையும் கறுத்து, மீனவர்கள் வாரக்கணக்கில் பிழைப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். போன வாரம் அங்கே வலை பிரித்துக் கொண்டிருந்த ஒரு பெரியவர் என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா, மட்கார்டு இல்ல, கேரியரு இல்ல, ஸ்டாண்டும் இல்ல. கடங்காரன் பாதிக்குப் பாதி உருவிக்கினு வுட்டானா?"

சமாளித்துவிட்டுத் திரும்பினேன். முகத்துக்கு நேரே காற்று. வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் சைக்கிளுக்கு. துடைத்துவிட்டு செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய். என் குளியல் அதற்கப்புறம்தான்.